காட்டில் வாழ்பவனைக் கேட்காமல் காட்டைக் காக்க முடியுமா?

1992ஆம் ஆண்டு. மலையில் குளிர் இறங்கத் தொடங்கிய நேரம். இமயத்தின் உயரமான புல்வெளிகளில் கோடையைக் கழித்துவிட்டு, எருமை மந்தைகளோடும் பெண்டு பிள்ளைகளோடும் பல நாட்கள் நடந்து, சிவாலிக் மலையடிவாரக் காட்டிலிருந்த தங்கள் குடிசைகளுக்குத் திரும்பினார்கள் வன குஜ்ஜர்கள். பாட்டன் பூட்டன் காலம் தொட்டு வந்து போகும் அதே பாதைதான். ஆனால் அந்த ஆண்டு காட்டின் வாசலிலேயே தடுக்கப்பட்டார்கள். இது தேசியப் பூங்காவாகப் போகிறது, இனி உங்களுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லப்பட்டது.

யார் எடுத்த முடிவு இது? லக்னோவில் எடுத்த முடிவு. காகிதத்தில் கோடு போட்டு எடுத்த முடிவு. அந்தக் கோட்டுக்குள்ளே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களை அழைத்து, 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டார்களா? கேட்கவில்லை!

சகோதரர்களே! காடு என்றதும் அது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு நாட்டில் எளியவனைக் கேட்காமல் அவன் வாழ்வைப் பற்றி முடிவெடுக்க முடியும் என்றால், அது காட்டோடு நிற்காது. கடைவீதிக்கும் வரும், நம் வீட்டு வாசலுக்கும் வரும்.

யார் இந்த வன குஜ்ஜர்கள்?

உத்தரகாண்டிலும் அதை ஒட்டிய உத்தரப் பிரதேச, இமாச்சலப் பகுதிகளிலும் வாழும் முஸ்லிம் மக்கள் இவர்கள். பேசும் மொழி கோஜ்ரி. எருமை வளர்ப்பது தொழில். பாலும் நெய்யும் விற்று வாழ்பவர்கள். குளிர்காலத்தில் மலையடிவாரக் காடுகளில் மரக்கிளைகளின் தழையை வெட்டி எருமைகளுக்குப் போடுவார்கள். வெயில் ஏறியதும் மந்தையை ஓட்டிக்கொண்டு மேலே போய்விடுவார்கள். மழை பெய்து அடிவாரக் காடு மீண்டும் தழைத்த பிறகுதான் கீழே இறங்குவார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே மேய்ச்சலுக்கும் தழை வெட்டுவதற்கும் வரி கட்டி, வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கி வந்தவர்கள். திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் புகுந்தவர்கள் அல்லர்!

அந்தச் சீட்டிலும் ஒரு கொடுமை உண்டு. சீட்டு ஒரு குடும்பத் தலைவர் பெயரில் இருக்கும். அவருக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்து ஒரு குடும்பம் பல குடும்பங்களாகும். குடும்பம் பெருகியதே தவிரச் சீட்டு பெருகவில்லை. சீட்டில் பெயர் இல்லாதவனெல்லாம் ஆக்கிரமிப்பாளன் ஆனான்.

பூங்கா வந்தது, கேள்வி வரவில்லை

1983இல் ராஜாஜி, மோத்திச்சூர், சில்லா ஆகிய மூன்று சரணாலயங்களை இணைத்துச் சுமார் 820 சதுர கிலோமீட்டர் பரப்பில் ராஜாஜி தேசியப் பூங்கா அமைக்கப் போவதாக அரசு அறிவித்தது. யானைகளும் புலிகளும் வாழும் அருமையான காடு அது. காக்கப்பட வேண்டியதுதான். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எப்படிக் காப்பது, யாரை வைத்துக் காப்பது என்ற இடத்தில்தான் தவறு நடந்தது.

ஹரித்துவாருக்கு அருகே பத்ரி என்ற இடத்தில் வீடுகளைக் கட்டி, 'இங்கே வந்து குடியேறுங்கள்' என்றார்கள். எருமைக்குத் தீவனம் எங்கே? மேய்ச்சல் நிலம் எங்கே? அதற்குப் பதில் இல்லை. எருமையை நம்பி வாழ்பவனுக்கு எருமை கட்ட இடமில்லாத வீடு! குஜ்ஜர்கள் மறுத்தார்கள். மறுத்தவுடன், 'இவர்கள் முன்னேற விரும்பாதவர்கள்' என்று பெயர் சூட்டப்பட்டது. பிற்பாடு நிலமும் சேர்த்துத் தருவதாகத் திட்டம் மாற்றப்பட்டதும், பத்ரியிலும் கைண்டிகாத்தாவிலுமாக ஆயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், பிரசவத்துக்கு மருத்துவமனை வேண்டும் என்று விரும்பிப் போனவர்களும் அவர்களில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. போக விரும்புகிறவனையும் கேட்க வேண்டும், இருக்க விரும்புகிறவனையும் கேட்க வேண்டும். கேட்பது என்பது இதுதான். முதலிலேயே கேட்டிருந்தால் இத்தனை ஆண்டு அலைச்சல் ஏன்?

1992இல் வாசலில் தடுக்கப்பட்டவர்களுக்குத் துணையாக நின்றது டேராடூனில் இயங்கிய ஆர்.எல்.இ.கே. என்ற தொண்டு நிறுவனம். அதன் தலைவர் அவதேஷ் கௌசல் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் அவர் குரல் கொடுத்தார். எழுத்தறிவு இல்லாத அந்த மக்களுக்குக் கற்பிக்க ஆசிரியர்களை அனுப்பினார். குஜ்ஜர்கள் மலையேறினால் ஆசிரியரும் கூடவே மலையேறினார். 1997இல் ஒரு முழுத் திட்டத்தையே நூலாக வெளியிட்டார்கள். ராஜாஜி காட்டை நிர்வகிக்கும் பொறுப்பைக் குஜ்ஜர்களிடமே கொடுங்கள், வனத்துறை மேற்பார்வை செய்யட்டும், காடு கெட்டால் அவர்களைக் கேளுங்கள் என்பதே அதன் சாரம். அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் படிக்கத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களிடமிருந்து காட்டுக்கு ஒரு நிர்வாகத் திட்டம் வந்தது என்பதே பெரிய விஷயம்.

அன்று நம் சமுதாய அமைப்புகள் எங்கே இருந்தன? இந்தக் கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

'காடு அழிகிறதே!' என்பவர்களுக்கு

'எருமைகள் மேய்ந்தால் காடு அழியாதா? தழையை வெட்டினால் மரம் பட்டுப் போகாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் மேய்த்தால் காடு கெடும், ஓய்வு கொடுக்காமல் தழையை வெட்டினால் மரம் பட்டுப் போகும். இதில் சந்தேகமில்லை.

ஆனால் குஜ்ஜர்களின் பழைய முறை என்ன? ஆண்டில் பாதி நாள் அடிவாரக் காட்டுக்கு ஓய்வு. மேலே போகும் பாதையை அடைத்தது யார்? மேலேயும் ஒரு பூங்கா, கீழேயும் ஒரு பூங்கா என்று அறிவித்து, இங்கும் வராதே, அங்கும் போகாதே என்று ஆக்கியது யார்? போக வழியில்லாதவன் இருந்த இடத்திலேயே ஆண்டு முழுவதும் தங்குகிறான். காடு தாங்கவில்லை. பிறகு, 'பார்த்தாயா, இவனால்தான் காடு அழிகிறது' என்கிறார்கள். காலைக் கட்டிப் போட்டுவிட்டு, 'நடக்கத் தெரியாதவன்' என்று பழிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தியாவில் ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் செயல்திட்டம் என்று ஒன்று எழுதப்படுகிறது. பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை. எந்தப் பகுதியில் மரம் வெட்டலாம், எங்கே நடலாம், எங்கே மேய்க்கலாம் எல்லாம் அதில் இருக்கும். எழுதுபவர் வனத்துறை அதிகாரி. அவர் படித்தவர், அனுபவம் உள்ளவர். ஆனால் எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் வற்றும், எந்தச் சரிவில் எந்தப் புல் முளைக்கும் என்பது அங்கே வாழ்பவனுக்குத் தெரிவது போல அவருக்குத் தெரியுமா? இருவரும் உட்கார்ந்து பேசினால் திட்டமும் உருப்படும், காடும் உருப்படும்.

1990இல் மத்திய அரசு 'கூட்டு வன மேலாண்மை' என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கிராமங்களில் வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. நல்ல பெயர்தான். ஆனால் பல மாநிலங்களில் குழுவின் செயலாளர் வனத்துறை ஊழியர். பணமும் கணக்கும் அவர் கையில். மக்களின் பங்கு கூலி வேலை செய்வதும் கையெழுத்துப் போடுவதும்! கூட்டு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அது கூட்டு ஆகிவிடுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த நிலையை மாற்றத்தான் 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2008 ஜனவரி 1 முதல் அதன் விதிகளும் அமலுக்கு வந்தன. நம் இளைஞர்கள் இந்தச் சட்டத்தை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

காட்டு நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்பதை முதலில் கிராம சபை விசாரித்துத் தீர்மானம் போட வேண்டும். பிறகு உட்கோட்டக் குழு, அதன்பின் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. தொடக்கம் கீழே, முடிவு மேலே! கிராமத்தின் பொதுக் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் அந்த மக்களுக்கே உரிமை உண்டு. இடம் பெயர்ந்து மேய்ப்பவர்களுக்கும் பருவந்தோறும் மேய்ச்சல் நிலத்துக்குப் போய்வர உரிமை உண்டு. தேசியப் பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் இது பொருந்தும். விசாரணை முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

ஆதாரத்துக்கு என்ன செய்வது? பட்டா இல்லாதவனுக்குச் சட்டம் வழி காட்டுகிறது. பழைய மேய்ச்சல் சீட்டு ஆதாரம். ஊர்ப் பெரியவர்களின் எழுத்து மூலமான வாக்குமூலம் ஆதாரம். பழைய கிணறு ஆதாரம். முன்னோரை அடக்கம் செய்த மையவாடியும் ஆதாரம்! ஆம், விதிகளில் அடக்கஸ்தலம் என்றே இருக்கிறது. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் காட்டினால் கோரிக்கையை ஆராய்ந்தே தீர வேண்டும்.

ஆனால் இங்கும் வன குஜ்ஜர்களுக்கு ஒரு முள். பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஜம்மு காஷ்மீரில் குஜ்ஜர்கள் 1991 முதல் பழங்குடியினர். இமாச்சலத்திலும் பழங்குடியினர். மாநில எல்லையைத் தாண்டி உத்தரகாண்டுக்குள் வந்தால் அந்தத் தகுதி தரப்படவில்லை. அதே மக்கள், அதே எருமை, அதே மொழி! இது என்ன நியாயம்? ஆண்டில் பாதி நாள் ஓரிடம், பாதி நாள் வேறிடம் என்று வாழ்பவன் எந்தக் கிராம சபையில் போய் உட்காருவான் என்ற கேள்வியும் உண்டு.

ஆயினும் சட்டம் கையில் இருந்ததால் பலன் கிடைத்தது. 2021இல் உத்தரகாசி மாவட்டத்தில் கோவிந்த் பசு விஹார் தேசியப் பூங்காவுக்குள் தங்கள் கோடை இருப்பிடங்களுக்குப் போன குஜ்ஜர் குடும்பங்கள் வழியில் நிறுத்தப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் திறந்த வெளியில் கிடந்தார்கள். உத்தரகாண்ட் உயர்நீதிமன்றம் தலையிட்டு, தங்கள் கோடை இருப்பிடங்களுக்குப் போக அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லி அனுமதிக்க உத்தரவிட்டது. உரிமையைத் தெரிந்து கேட்டவனுக்குத்தான் நீதிமன்றத்தின் கதவும் திறக்கிறது.

நியம்கிரி தந்த பாடம்

'கிராம சபையா? அதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது?' என்று இளக்காரமாகச் சொல்பவர்கள் ஒடிசாவைப் பார்க்கட்டும். அங்கே நியம்கிரி மலையில் பாக்சைட் தாது இருக்கிறது. வேதாந்தா நிறுவனத்தின் லாஞ்சிகர் அலுமினா ஆலைக்காக அந்த மலையைத் தோண்டத் திட்டமிட்டார்கள். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் மூலம் தமிழக மக்கள் நன்கறிந்த அதே நிறுவனம்தான்! மலையில் வாழும் டோங்கிரியா கோந்த் மக்களுக்கு அந்த மலை வாழ்வாதாரம் மட்டுமல்ல, வழிபாட்டு இடமும் ஆகும்.

2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 கிராமங்களில் கிராம சபை கூடியது. எழுதப் படிக்கத் தெரியாத ஆண்களும் பெண்களும் எழுந்து நின்று பேசினார்கள். 12 கிராமங்களும் ஒரே குரலில் 'வேண்டாம்' என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. கோடிக்கணக்கில் பணம் வைத்திருந்தவர்களை நிறுத்தியது குடிசைவாசிகளின் கூட்டம்!

அதனால்தான் இந்த அதிகாரத்தின் மீது கண் விழுந்துவிட்டது. 2009இல் மத்திய அரசு விட்ட சுற்றறிக்கைப்படி, காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்குக் கேட்கும்போதே கிராம சபையின் ஒப்புதலும் இணைக்கப்பட வேண்டும். 2022இல் வந்த புதிய வனப் பாதுகாப்பு விதிகளில், மத்திய அரசு முதலில் ஒப்புதல் தந்துவிடலாம், வன உரிமைகளை மாநில அரசு பிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றப்பட்டது. நிக்காஹ் முடிந்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பது போன்ற கதை இது! 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டமே திருத்தப்பட்டு, எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் நாட்டின் பாதுகாப்புக்கென அமைக்கப்படும் சாலை, ரயில் பாதை போன்றவற்றுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கும் தரப்பட்டது. இமயமலை மாநிலங்களின் பெரும்பகுதி அந்த 100 கிலோமீட்டருக்குள் வந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உமர் (ரலி) காத்த மேய்ச்சல் நிலம்

பொதுப் பயனுக்காக மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கிப் பாதுகாப்பது நமக்குப் புதிதல்ல. அதற்கு 'ஹிமா' என்று பெயர். உமர் (ரலி) அவர்கள் அப்படி ஒரு நிலத்துக்கு ஹுனைய் என்ற பணியாளரைப் பொறுப்பாக்கியபோது சொன்ன அறிவுரை ஹதீஸ் நூல்களில் உள்ளது. கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு, செல்வந்தர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இரு என்பதே அதன் கருத்து. அவர்கள் இருவரும் சாதாரணமானவர்களா? மாபெரும் நபித்தோழர்கள்! ஆனால் அவர்களின் கால்நடை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டம் துரவு உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து நிற்பான். அவனைக் கைவிட முடியாது என்று காரணமும் சொன்னார்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்சு என்றும் எச்சரித்தார்கள்.

இன்று நடப்பது என்ன? ஏழையின் மந்தைக்கு வாசல் அடைக்கப்படுகிறது. சுற்றுலா விடுதிக்கும் சுரங்கத்துக்கும் வாசல் திறக்கப்படுகிறது. அப்படியே தலைகீழ்!

தமிழகத்தில் என்ன நிலை?

வடக்கே நடப்பது தானே என்று இருந்துவிட முடியாது. 2022 மார்ச் மாதம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைச் சென்னை உயர்நீதிமன்றம் தடை செய்தது. தேனி மலைமாடு வளர்ப்போரும், ஈரோடு மாவட்டத்து பர்கூர் மாடு வளர்ப்போரும் திகைத்துப் போனார்கள். பின்னர் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அந்தத் தடை மாற்றப்பட்டது. வன உரிமைச் சட்டப்படி பட்டா வழங்குவதும் 2008இல் நீதிமன்றம் விதித்த இடைக்கால நிபந்தனையால் தமிழகத்தில் ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே வழி திறந்தது.

வணிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு நாடு முழுவதும் மர வியாபாரத்தைக் குலுக்கியது. அங்கீகரிக்கப்பட்ட செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்றானது. வடகிழக்கில் மர ஆலைகள் பல மூடப்பட்டன. காட்டைத் தாறுமாறாக வெட்டியதன் விளைவு அது. முறையாகத் தொழில் செய்தவரும் சேர்ந்து பாதிக்கப்பட்டார். காட்டு நிர்வாகம் சரியாக இருந்தால்தான் நம் மரக்கடையும் நிலைக்கும்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

இளைஞர்களே! முதலில் சட்டத்தைப் படியுங்கள். காட்டோரக் கிராமங்களில் வாழும் இருளர், குறும்பர், சோளகர் போன்ற மக்களுக்கு விண்ணப்பம் எழுதவும், பெரியவர்களின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யவும் ஆள் இல்லை. படித்த நீங்கள் போய் உதவுங்கள். அவர் எந்த மதம் என்று பார்க்காதீர்கள். அவதேஷ் கௌசல் பார்க்கவில்லை.

கிராம சபைக்குப் போங்கள். தமிழகத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் பின்னர் சேர்க்கப்பட்டன. வருகைப் பதிவேட்டை வீட்டுக்கே கொண்டு வந்து கையெழுத்து வாங்கிப் போனால் கொடுத்துவிடாதீர்கள். வராத கூட்டத்துக்குப் போடும் கையெழுத்து, உங்கள் உரிமையை நீங்களே எழுதிக் கொடுக்கும் சீட்டு. நம் பெண்களும் போகட்டும். வன உரிமை விஷயத்தில் கூடும் கிராம சபைக்குப் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்பதே விதி.

வணிகப் பெருமக்களே! தேனும் புளியும் கடுக்காயும் சீயக்காயும் நம் கடைகளில் விற்கிறோம். தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வாங்கிய சமுதாயம் நாம். இந்தச் சிறுவனப் பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழ்பவருக்கே உரிமை என்கிறது சட்டம். இடைத்தரகன் அடித்துப் பிடுங்கிய விலையில் வாங்காமல், சேகரித்தவரிடமே நியாய விலைக்கு வாங்குங்கள். மரம் வாங்கும்போது அது எங்கே வெட்டியது, ஆவணம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. மஷூரா, மஷூரா என்று மேடையில் முழங்கும் நாம், நம் மஹல்லாவில் ஏழையின் கருத்தைக் கேட்கிறோமா? வக்ஃபு நிலத்தில் கடை கட்டுவது பற்றி முடிவெடுக்கும்போது அங்கே குடியிருக்கும் விதவையைக் கூப்பிட்டுப் பேசுகிறோமா? வன குஜ்ஜரைக் கேட்காத அதிகாரியைக் கண்டிக்க வேண்டுமானால், முதலில் நம் ஜமாஅத்தில் கேட்கும் பழக்கம் வர வேண்டும்.

காடு இறைவன் தந்த அமானிதம். அதைக் காக்க வேண்டும். அதில் வாழும் மனிதனும் அமானிதம்தான். அவனை விரட்டிவிட்டுக் காப்பாற்றும் காடு நெடுநாள் நிற்காது. அவனோடு உட்கார்ந்து பேசிக் காக்கும் காடு நிற்கும். அடுத்த கிராம சபைக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள், சகோதரர்களே!